அருணை வரலாறு – 23: பாடப்பட்ட பெண்களும் பேசிய பெண்களும்

சென்ற இதழில் மூன்றாம் வல்லாளனை மதுரைக் கோட்டை மதிலோரம் விட்டுவிட்டு வந்தோம். துவாரசமுத்திரம் கைவிட்டுப் போன பிறகு திருவண்ணாமலையில் இருந்துகொண்டு மதுரைச் சுல்தானியத்தோடு மோதிய போசள மன்னன் அவன். 1342-இல் கண்ணனூர்ப் போரில் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். அவன் தோலை உரித்து வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததைத் தான் கண்டதாக இபின் பதூதா எழுதி வைத்திருக்கிறார். அரசியல் வரலாறு அவனை அந்த மதிலோடு முடித்துவிடுகிறது. திருவண்ணாமலைக்காரர்களுக்கு அவன் கதை அங்கே முடியவில்லை. ஊரில் யாரையாவது நிறுத்தி வல்லாள மகாராஜா யார் என்று கேட்டுப் பாருங்கள். போரைப் பற்றி ஒரு வார்த்தை வராது. சல்லமாதேவியைப் பற்றித்தான் சொல்வார்கள்.

அந்தக் கதையை விரிவாகச் சொல்வது சைவ எல்லப்ப நாவலரின் அருணாசல புராணம். அதில் வல்லாளனுக்கென்றே ஒரு சருக்கம் இருக்கிறது. மன்னனுக்குப் பிள்ளையில்லை. கேட்டவர்க்குக் கேட்டதைக் கொடுப்பேன் என்று கொடி கட்டிவிடுகிறான். அவனைச் சோதிக்கச் சிவபெருமான் சங்கமர் வேடத்தில் அடியார் கூட்டத்தோடு ஊருக்குள் வருகிறார். கூட வந்தவர்கள் ஊரிலுள்ள தாசிகள் வீடுகளையெல்லாம் முன்னதாகவே நிரப்பிவிடுகிறார்கள். பிறகு இவர் அரண்மனைக்கு வந்து, இன்றிரவு எனக்கு ஒரு பெண் வேண்டும் என்கிறார். ஏவலர்கள் தெருத்தெருவாக அலைந்து வெறுங்கையோடு திரும்புகிறார்கள். கொடுத்த வாக்கு பொய்க்கப் போகிறதே என்று கலங்கிய மன்னன் அந்தப்புரத்துக்குப் போகிறான். மூத்தவள் மல்லமாதேவி, இளையவள் சல்லமாதேவி. இளையவள் சம்மதிக்கிறாள். அலங்கரித்து அனுப்புகிறார்கள். அறையில் துறவி கண்மூடிக் கிடக்கிறார், எழுப்பியும் எழவில்லை. விருந்தாளி மனம் நிறையாமல் போனால் கணவன் சொல் தவறிப்போகும் என்று அவள் அவரைத் தழுவுகிறாள். தழுவிய கையில் பச்சைக் குழந்தை அழுகிறது. ஓடிவந்த மன்னன் வாங்கி உச்சிமோந்து மகிழ்வதற்குள் குழந்தை மறைந்து, விடைமேல் இறைவன் காட்சி கொடுத்து, உனக்கு நாமே மகனாயிருந்து கடன் செய்வோம் என்று வாக்களிக்கிறார்.

அந்த வாக்கு இன்றுவரை நடக்கிறது. மாசி மகத்தன்று அண்ணாமலையார் ஊரைவிட்டுப் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, கௌதம நதிக் கரையில் வல்லாளனுக்குத் திதி கொடுக்கிறார். ஒரு மன்னனுக்குத் தெய்வம் மகனாக நின்று நீர்க்கடன் செய்வது நெஞ்சை உருக்கும் காட்சி. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இந்தத் தொடரை எழுத உட்கார்ந்த நாளிலிருந்து என் மனம் அந்த ஆற்றங்கரையைவிட அந்த அறை வாசலில்தான் நிற்கிறது. தந்தைக்கு மகன் கிடைத்தான், மகனால் தந்தைக்குக் கடன் கழிந்தது. நடுவில் இருந்தவள் என்ன ஆனாள்?

கதையை உற்றுப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஓர் இரவுக்குள் சல்லமாதேவி மனைவியாக இருந்து, கொடைப்பொருளாகி, தாயாகிவிடுகிறாள். மூன்றில் எதையும் அவள் தேடிக்கொள்ளவில்லை. கற்புக்கு வந்த ஆபத்தைப் புராணம் தாய்மையைக் கொண்டு ஒரு நொடியில் துடைத்துவிடுகிறது. அவளுக்குத் தரப்பட்டிருக்கும் பெருமை முழுவதும் அவள் சம்மதத்தில் இருக்கிறது. மறுத்திருந்தால் அவளுக்குக் கதையிலே இடமில்லை. மன்னனின் கலக்கத்தை வரி வரியாகக் கேட்கிறோம். அந்த அறைக்கு நடந்துபோன பெண்ணின் கலக்கத்தை அவ்வளவாகக் கேட்பதில்லை. சல்லமாதேவி என்ற பெயரில் போசள அரசி ஒருத்தி இருந்திருக்கலாம். புராணத்தில் இருப்பவள் பதினேழாம் நூற்றாண்டை ஒட்டிய ஒரு புலவரின் மனத்தில் பிறந்த உத்தமி.

அண்ணாமலையைப் பாடிய பெருங்கவிகள் ஏறக்குறைய எல்லாரும் ஆண்கள். எல்லாருக்கும் ஒரு பெண் தேவைப்பட்டிருக்கிறாள். அந்தப் பெண்ணை எவ்வளவு பேச விட்டார்கள் என்பது ஆளுக்கு ஆள், காலத்துக்குக் காலம் வேறுபடுகிறது. இந்த இதழில் அதைத்தான் பின்தொடரப் போகிறோம்.

எல்லப்ப நாவலருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் போவோம். மாணிக்கவாசகர் திருவெம்பாவையைத் திருவண்ணாமலையில் பாடினார் என்பது மரபு. கிரிவலப் பாதையில் அடிஅண்ணாமலையில் அவருக்குக் கோயிலே இருக்கிறது. அவரை ஒன்பதாம் நூற்றாண்டில் வைப்பவர்கள் அதிகம். மார்கழி விடியலில் பெண்கள் தோழிகளை எழுப்பி நீராடப் போகும் அந்த 20 பாடல்களும் பக்திக்குப் பேர்போனவை. எனக்கு அவற்றில் முதலில் காதில் விழுவது பேச்சு. வாசலில் நிற்பவள் உள்ளே தூங்குகிறவளைச் சீண்டுகிறாள். உள்ளே இருப்பவள் பதிலுக்குக் கேட்கிறாள். எல்லாரும் வந்தாயிற்றா என்று ஒருத்தி கேட்க, நீயே எழுந்து வந்து எண்ணிக்கொள் என்று மற்றவள் சொல்கிறாள். நேற்று என்னவெல்லாம் பேசினாய், இன்று இப்படித் தூங்குகிறாயே என்று இடித்துக் காட்டுகிறார்கள். எங்களுக்கு வாய்க்கும் கணவர் உன் அடியாராக இருக்கவேண்டும் என்று இறைவனிடமே நிபந்தனை வைக்கிறார்கள். அந்தப் பெண்களும் இலட்சியப் பெண்கள்தான். அழகும் அன்பும் குறையாதவர்கள். இருந்தும் நம் தெருவில் கேட்கிற குரல் அவர்களிடம் இருக்கிறது. பெண்கள் அம்மானை ஆடும்போது பாடுவதாக அமைந்த திருவம்மானையும் இங்கே பாடப்பட்டதாகவே மரபு சொல்கிறது. பெண்கள் விளையாட்டின் ஓசையைக் கூர்ந்து கேட்ட ஒருவரால்தான் அப்படிப் பாட முடியும். அந்தத் திருவெம்பாவை கடல் கடந்து சயாம் அரண்மனைப் பிராமணர்களின் சடங்கு வரை போனது தனிக் கதை; அதைப் பின்னொரு இதழில் பார்ப்போம்.

இனி அம்மன். உண்ணாமுலை என்ற பெயரைத் தம் தேவாரத்தின் முதலடியிலேயே சம்பந்தர் வைத்துப் பாடியிருக்கிறார் என்பதால் ஏழாம் நூற்றாண்டிலேயே அது நிலைபெற்ற பெயர். வடமொழியில் அபீதகுசாம்பாள். உலகுக்கெல்லாம் தாய், எந்தப் பிள்ளையும் பால் குடிக்காத மார்பு. சல்லமாதேவிக்கு நேர்ந்தது போலவே இங்கும் கன்னிமையும் தாய்மையும் ஒரே உடலில் வைத்துப் போற்றப்படுகின்றன. மானுடப் பெண் எவளும் எட்ட முடியாத நிலை அது. புராணத்தில் அம்மன் செய்தது ஒரு விளையாட்டு. இறைவன் கண்களைக் கையால் பொத்தினாள், உலகம் இருண்டது. அதற்காகக் காஞ்சியில் தவம், பிறகு இங்கே கௌதம முனிவரின் வழிகாட்டலில் பவழக்குன்றில் தவம். முடிவில் கார்த்திகை தீபத்தன்று இறைவனின் இடப்பாகம் கிடைத்தது. ஆண்டுக்கு ஒருமுறை, மலைமேல் தீபம் ஏறும் அந்தி வேளையில், அர்த்தநாரீசுவரர் ஆடியபடி வெளியே வந்து சில நிமிடங்களில் திரும்பிவிடுகிறார்.

புலவர்கள் அவளைத் தவத்தில் உட்காரவைத்தார்கள். ஊர் அவளுக்குக் கோபப்பட இடம் கொடுத்தது. தை மாதம் இரண்டாம் நாள், மாட்டுப் பொங்கலன்று மாலை, திருவூடல் தெருவுக்குப் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். தெருவின் பெயரே அதுதான். தம்மை மட்டும் வணங்கி அம்மனை வணங்க மறுத்த பிருங்கி முனிவருக்குக் காட்சி கொடுக்க அண்ணாமலையார் புறப்படுகிறார். அம்மனுக்குச் சினம் மூள்கிறது. தோளில் சுமக்கிறவர்கள் இரண்டு மூர்த்திகளையும் எதிரெதிரே நிறுத்தி, முன்னே ஓடி, பின்னே வாங்கி, மறுபடி ஓடி ஊடலை ஆடிக் காட்டுகிறார்கள். நடுவில் சுந்தரர் தூது போகிறார். தூது பலிக்கவில்லை. அம்மன் திரும்பிக் கோயிலுக்குள் போய்விட, கதவு சாத்தப்படுகிறது. அண்ணாமலையார் தனியாக 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி வரவேண்டும். அதன்பிறகுதான் மறுவூடலில் சமாதானம். கதவு சாத்தப்படும் நேரத்தில் தெருவில் நிற்கும் பெண்களின் முகங்களைப் பாருங்கள். அவர்களில் யாரும் அதை வெறும் உற்சவமாகப் பார்ப்பதில்லை. எந்தக் காப்பியத்திலும் கிடைக்காத ஒரு நியாயம் அந்தத் தெருவில் கிடைக்கிறது என்பது என் எண்ணம்.

கோயிலில் வல்லாளன் பெயரோடு நிற்கும் வல்லாள கோபுரத்துக்கு வருவோம். வாழ்வு வெறுத்த அருணகிரிநாதர் உயிரை விட இதன்மேல் ஏறிக் குதித்தார், முருகன் தாங்கிக்கொண்டான் என்பார்கள். பதினைந்தாம் நூற்றாண்டுக்காரர். இன்று கிடைக்கும் திருப்புகழ்ப் பாடல்கள் ஏறக்குறைய 1,300. அவற்றை ஊர் ஊராகத் தேடித் தொகுத்து 1894-இல் முதற்பகுதியை அச்சேற்றியவர் வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை. அவர் இல்லாவிட்டால் நமக்குக் கிடைத்திருப்பது எவ்வளவோ! அந்தச் சந்தத்துக்கு ஈடு தமிழில் வேறில்லை. ஆனாலும் பெண் என்று வரும்போது அருணகிரியார் கவிதையில் இரண்டே இடங்கள்தான் இருக்கின்றன. பல பாடல்களின் முற்பகுதியில் விலைமாதர். கூந்தலில் தொடங்கி அடிவரை வர்ணித்து, அவர்கள் மயக்கிலிருந்து என்னை மீட்பாய் என்று முடிப்பார். பிற்பகுதியில் வள்ளி. தினைப்புனத்தில் கவண் எறிந்து கிளி ஓட்டும் குறமகள்; அவள் காலில் முருகனே விழுந்து கெஞ்சுகிறான். ஒருத்தி படுகுழி, ஒருத்தி சிகரம். இரண்டுக்கும் நடுவே வாழ்ந்த பெண்கள் எங்கே போனார்கள்?

வல்லாளன் கதையில் ஏவலர்கள் கதவு தட்டிய வீடுகளும், அருணகிரியார் வெறுத்துப் பாடிய வீடுகளும் ஒரே தெருவில்தான் இருக்கின்றன. சோழர் காலக் கல்வெட்டுகளில் தமிழகக் கோயில்கள் பலவற்றில் தேவரடியார்கள் நிலம் கொடுத்தவர்களாகவும், பொன் கொடுத்தவர்களாகவும், நந்தாவிளக்கு வைத்தவர்களாகவும் பெயரோடு நிற்கிறார்கள். கல்லில் பெயரோடு நின்றவள் பாட்டில் பெயரில்லாத மயக்கமாக மாறிப்போனாள். 1964-இல் டி. எம். சௌந்தரராஜன் அருணகிரியாராக நடித்து வந்த திரைப்படம் இந்தக் கதையைப் பட்டிதொட்டிக்கெல்லாம் கொண்டுபோனபோது, தாசி வீடு என்றாலே கெட்ட வீடு என்ற பொருள் ஊரில் உறைந்துவிட்டிருந்தது. தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் வந்ததும், அதற்காக முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் பட்ட பாடும் நாம் அறிந்தவை. அந்தச் சட்டம் தேவைப்பட்ட சட்டம். அதற்கு முன் பல நூற்றாண்டுகள் அந்தப் பெண்களைப் பாட்டு எப்படிப் பார்த்தது என்பதும் வரலாறுதான்.

ஆண்கள் பெண்ணை உயர்த்திப் பாடி அவள் குரலை எடுத்துக்கொள்வது நம் மலையடிக்கு மட்டும் உரியது என்று நினைக்கவேண்டாம். தென்னாப்பிரிக்காவில், காந்தியடிகள் வழக்கறிஞராக இருந்த அதே காலத்தில், பிரிட்டிஷாரின் தடுப்பு முகாம்களில் 26,000-க்கும் மேற்பட்ட போயர் பெண்களும் குழந்தைகளும் மாண்டார்கள். பிரிட்டிஷாருக்கும் போயர்களுக்கும் நடந்த அந்தப் போர் 1902-இல் முடிந்தது. அப்போதுதான் எழுத்துமொழியாக நிமிர்ந்துகொண்டிருந்த ஆப்பிரிக்கான்ஸில் டோடியஸ் போன்ற கவிஞர்கள் அந்தத் துயரத்தைப் பாடினார்கள். 1913-இல் புளூம்ஃபொன்டெயினில் பெண்களுக்கு நினைவுத்தூண் எழுந்தது. பொறுமையே உருவாக, தேவபக்தியோடு, இனத்தைப் பெற்று வளர்க்கும் தேசத்தாய் என்ற உருவம் அந்த மக்களின் நெஞ்சில் நிலைத்தது. தனியாக அமைக்கப்பட்ட முகாம்களில் மாண்ட கறுப்பினப் பெண்களுக்கு அந்தப் பாட்டில் இடம் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அந்த மொழியில் ஒரு பெண் தன் கவிதைத் தொகுப்பை வெளியிட 1936 ஆயிற்று. எலிசபெத் ஐபர்ஸ் அவர். அடுத்து 1939-இல் வந்த தொகுப்பில் அவர் எடுத்துக்கொண்டது தாய்மையைத்தான். கருவைச் சுமப்பவளே பாடினாள் என்பதுதான் வேறுபாடு. 1943-இல் அம்மொழியின் பெரிய விருதான ஹெர்ட்சாக் பரிசு அவருக்குக் கிடைத்தது.

அண்ணாமலையில் ஒரு பெண் பாட்டு எழுதவில்லை, கோபுரம் கட்டினாள். வடக்குக் கோபுரம் அம்மணி அம்மன் கோபுரம், 171 அடி. செங்கம் பக்கம் சென்னசமுத்திரத்தில் பிறந்தவள். திருமணத்தை விட்டு மலையடிக்கு வந்தவள். பாதியில் நின்றுபோயிருந்த கோபுரத்தை முடிப்பேன் என்று வீடு வீடாகப் போய்க் கையேந்தினாள். மைசூர் அரண்மனை வரை போனாள் என்கிறார்கள். கூலி கொடுக்கப் பணமில்லாத நாளில் திருநீற்றை அள்ளிக் கொடுத்தாள், அவரவர் உழைப்புக்கேற்ற காசாக அது மாறியது என்பது ஊரார் சொல்லும் அற்புதம். அற்புதத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தாலும் அவள் செயல் மலைக்க வைக்கிறது. கிழக்கே 217 அடி இராசகோபுரத்துக்குக் கிருஷ்ணதேவராயரின் கருவூலமும் தஞ்சைச் செவ்வப்ப நாயக்கரின் கருவூலமும் தேவைப்பட்டன. வடக்கே ஒரு தனிப்பெண்ணின் பிச்சைப் பாத்திரம். ஈசான்ய லிங்கத்துக்கு அருகே அவள் சமாதி இருக்கிறது. பௌர்ணமியில் இலட்சக்கணக்கானோர் அதைத் தாண்டிப் போகிறார்கள். சல்லமாதேவிக்குக் கிடைத்தது போல ஒரு காப்பியச் சருக்கம் அம்மணிக்கு வாய்க்கவில்லை. யாருக்கும் அடங்காத பெண்ணை வைத்து உத்தமி இலக்கணம் எழுத முடியாதல்லவா!

1907-க்கு வருவோம். வேலூரில் ஆசிரியராக இருந்த காவியகண்ட கணபதி முனிவர் விருபாட்ச குகையில் இருந்த இளந்துறவியைச் சந்தித்து, அவருக்கு ரமணர் என்று பெயர் சூட்டிய ஆண்டு. அதே ஆண்டில் முனிவர் மாமரக் குகையில் உட்கார்ந்து உமாதேவியின் மேல் ஆயிரம் வடமொழிச் சுலோகங்கள் பாடினார். உமா சகஸ்ரம் அது. கடைசிப் பகுதியை ஒரே இரவில் நால்வர் எழுத எழுதச் சொல்லி முடித்தார் என்பார்கள். ஆயிரம் சுலோகத்திலும் ஒரு தேவி. இத்தனையும் பாடிய மனிதருக்கு விசாலாட்சி என்று ஒரு மனைவி இருந்தார். அவரை மறந்துவிடாதீர்கள், இன்னும் சிறிது நேரத்தில் வருகிறார்.

ரமணரின் அட்சரமணமாலை இந்த வரிசையில் தனித்து நிற்கிறது. குகையில் இருந்த அடியவர்கள் ஊருக்குள் பிட்சைக்குப் போகும்போது பாடுவதற்கென்று பிறந்த 108 கண்ணிகள். அருணாசலனை மணாளனாகக் கொண்ட பெண்ணின் குரலில் பாடுகிறார். எப்படிப்பட்ட பெண்! கேட்கிறாள், இடிக்கிறாள், என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டு இப்போது கைவிட்டால் உனக்குத்தான் பழி என்று மல்லுக்கு நிற்கிறாள். ஆணொருவர் பெண்குரலை உடுத்திக்கொள்ளும்போது அந்தப் பெண்ணுக்கு இவ்வளவு உரிமை வந்துவிடுகிறது. நாயக நாயகி பாவத்தில் திளைப்பவர்கள் இதைச் சீவன் சிவனோடு பேசுவதாகவே கேட்பார்கள், சரிதான். சல்லமாதேவிக்கு இதில் ஒரே ஒரு கண்ணி கிடைத்திருந்தால் என்று நான் ஏங்குவதையும் யாரும் தடுக்க முடியாது.

அதே குகை வாசலில் உண்மையான தாய் ஒருத்தி வந்து நின்றாள். அழகம்மாள். 1898-இல் பவழக்குன்றுக்கு வந்து மகனை வீட்டுக்கு அழைத்து அழுதாள். மகன் வாய் திறக்காமல், நடப்பது நடந்தே தீரும் என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். 1914-இல் வந்தபோது அவளுக்கு விஷக்காய்ச்சல் கண்டது; மகன் அருணாசலனை வேண்டிப் பாட்டு எழுதினார். 1916-இல் ஒரேயடியாக வந்து தங்கி, அடுப்பு மூட்டினாள். அங்கே சமையல் தொடங்கியது அவளால்தான். ஒருநாள் அப்பளம் இட உட்கார்ந்தவள், கொஞ்சம் கை கொடேன் என்று மகனைக் கூப்பிட்டாள். அவர் வரவில்லை, அப்பளப் பாட்டு வந்தது.

அது ஞானப் பாட்டு. உளுந்து என்பது நான் என்னும் எண்ணம், அதை விசாரம் என்னும் இயந்திரத்தில் போட்டு உடைக்கவேண்டும், பிரண்டைச் சாறு சத்சங்கம், சீரகமும் மிளகும் மன அடக்கமும் புலனடக்கமும் என்று போகிறது. ஆனால் இட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் முறை ஒன்றும் தவறவில்லை. உடைத்த மாவில் பிரண்டைச் சாறு சேர்த்தால்தான் அப்பளம் பொரியும்போது உப்பும். உப்பு, பெருங்காயம் எல்லாம் வரிசையாக வருகின்றன. உரலில் மாவை விடாமல் இடிக்கவேண்டும், பலகையில் ஒரே கனமாக இடவேண்டும், நெய் காய்ந்த பிறகு போடவேண்டும். ஒரு தாயின் கைவேலையைக் கூர்ந்து பார்த்து வளர்ந்த பிள்ளையால்தான் இதை எழுத முடியும். மலையடிப் பாட்டுகளில் உத்தமியாகவோ மாயையாகவோ தேவியாகவோ ஆக்கப்படாமல், தான் செய்யும் வேலையோடு ஒரு பெண் நுழைந்த இடம் என்று நான் இதைத்தான் காட்டுவேன்.

இப்போது விசாலாட்சி. 1917-இல் கணபதி முனிவரும் மற்றவர்களும் ரமணரிடம் கேட்ட கேள்விகளும் விடைகளும் ரமண கீதை என்ற நூலாயின. அதில் ஒரு கேள்வி விசாலாட்சியுடையது. கணவர் வழியாகக் கேட்கப்பட்டது. இல்லறத்தில் தடை வந்தால் பெண் துறவு கொள்ளலாமா? உயிரோடு முக்தி பெற்ற பெண்ணின் உடலை எரிப்பதா, அடக்கம் செய்வதா? துறவிகளைப் புதைப்பது மரபு. பெண்ணுக்கு அந்த இடம் உண்டா என்று அதுவரை மலையடியில் யார் வாய்விட்டுக் கேட்டார்கள்? பக்குவம் வந்த பெண் துறவு கொள்ளச் சாத்திரத்தில் தடையில்லை, முக்தியிலும் ஞானத்திலும் ஆண் பெண் வேறுபாடு இல்லை, அவள் உடல் கோயில், அதை எரிக்கலாகாது என்று விடை வந்தது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1922 மே 19 இரவில், மகனின் ஒரு கை நெஞ்சிலும் ஒரு கை தலையிலும் இருக்க அழகம்மாள் கண்மூடினாள். உடலை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோது விடை முன்பே நூலில் இருந்தது. மலையடியில் பாலி தீர்த்தத்துக்கு அருகே ஒரு துறவிக்குச் செய்யவேண்டிய முறையில் அடக்கம் செய்தார்கள். அந்த இடத்தைச் சுற்றித்தான் ரமணாசிரமம் வளர்ந்தது. 1949 மார்ச்சில் அதன்மேல் மாத்ருபூதேசுவரர் ஆலயத்துக்குக் குடமுழுக்கு நடந்தது. அத்தனைக்கும் அடியில் இருப்பது விசாலாட்சி கேட்ட கேள்வி. உமா சகஸ்ரத்தின் ஆயிரம் சுலோகங்களை இன்று பாராயணம் செய்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

(தொடரும்)